இன்சூரன்ஸ் விளம்பரம் வரும்வரை

இருபது வருடம் கழித்துக் குத்துச்சண்டையை மறுபடி காசு கட்டாமல் பார்க்கும் டிவி சேனலுக்கு இழுத்து வந்தவர், நியூயார்க்கில் பந்தயம் நடத்தும் பெரோட்டா. முதல் சண்டை முதல் ரவுண்டிலேயே முடிந்தது. குத்து வாங்கியவன் எழவில்லை. அரங்கமே கூரை பிய்ந்துபோகக் கத்தியது. டிவி கம்பெனி அதிகாரி லொரேன் மட்டும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"ரவுண்டுக்கும் ரவுண்டுக்கும் நடுவுலதானய்யா விளம்பரம் போடுறோம்! ஒண்ணுகூடப் போகல."

"ஜனங்க கத்துறதப் பாத்தீங்களாம்மா?"

"கத்துறவனா எனக்குச் சம்பளம் குடுக்குறான்? அடுத்த வாரம் அடிக்கத் தெரியாதவனா ரெண்டு பேரக் கூட்டிட்டு வாங்க."

பெரோட்டா தேடிப் பிடித்துக் கூட்டிவந்தார். அப்படியும் எட்டாவது ரவுண்டில் ஒருவன் களைத்துப்போய்த் தானாகவே சாயத் தொடங்கினான். பெரோட்டா கயிற்றுக்கு வெளியே நின்று மற்றவனைப் பார்த்து அலறினார்.

"விழ விட்டுடாதடா, கட்டிப் புடி! இன்சூரன்ஸ் விளம்பரம் இன்னும் வரல!"

அவனும் எதிராளியைக் கட்டிப்பிடித்துக் கடைசி மணி வரை தாங்கி நிறுத்தினான். விளம்பரங்கள் அத்தனையும் போயின. தீர்ப்புச் சொல்வதற்குள் செய்தி நேரம் வந்துவிட, ஒளிபரப்பை நிறுத்திவிட்டார்கள்.

யார் ஜெயித்தது என்று கேட்டு ஒரு போன்கூட வரவில்லை. லாரி விளம்பரத்தில் வந்த நாய் என்ன ஜாதி என்று கேட்டுத்தான் மறுநாள் முழுக்கப் போன் அடித்தது.