மைக்கு காட்டிய மாடிப்படி

நகரசபைத் தேர்தலில் நிற்கப்போவதாகத் தம்பி அறிவித்த அன்று அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுத் தரகு செய்து பிழைக்கிறவன், வாய் நீளம். பள்ளிக்கூட நாளிலேயே ஒலிபெருக்கியைப் பிடித்தால் பிடுங்கத்தான் வேண்டும் என்பதால் தெருவே அவனை ‘மைக்கு’ என்றுதான் கூப்பிடும். ஒழுகுகிற வீட்டைக் காற்றோட்டமான வீடென்று அடுத்தவன் தலையில் கட்டுகிறவன், ஏழைகளின் குடியிருப்புப் பிரச்சினையைத் தீர்க்கப்போகிறானாம். பாதுகாப்பும் தரப்போகிறானாம். தெரு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அக்காவின் காதில் மட்டும் விழவில்லை.

அக்காவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாளெல்லாம் விரிப்பு மடிக்கிற வேலை. குடியிருப்பு, நகரசபையின் பழைய அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. இரண்டாம் மாடியிலிருந்து மேலே போகிற படிக்குக் கைப்பிடி கிடையாது. துருப்பிடித்து ஒரு மழையில் கழன்று விழுந்தது, விழுந்ததுதான். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் நேரே கீழ்த்தளம். கூட இருக்கிற மகளோ நிறைமாதம். வீட்டில் இருக்கிற நேரத்தில் அவளைத் தனியே அந்தப் படியில் இறங்க அக்கா விடமாட்டாள்.

கீழ்த்தளத்து வெல்டிங்காரர் தானாகவே முன்வந்தார். “கடையில மிச்சக் கம்பி கிடக்கு. ஒரு ராத்திரில அடிச்சுத் தந்துடறேன்க்கா.”

மைக்குதான் குறுக்கே விழுந்தான். “அண்ணே, நீங்க போட்டுட்டா நகரசபைக்காரன் நிம்மதியாத் தூங்கிடுவான். இது நம்ம உரிமை. நான் ஜெயிச்சு வந்து அவனையே போட வைக்கிறேன்.”

கேட்க நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இல்லாமல் எப்படி இருக்கும், அதுதானே அவன் பிழைப்பு. மனசு கேட்காத வெல்டிங்காரர், உடைந்த முளைகளில் ஒரு கயிற்றை மட்டும் இழுத்துக் கட்டிவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் அந்தப் படிக்கு வந்த வாழ்வைப் பார்க்க வேண்டுமே! மைக்கு கூட்டம் கூட்டமாக ஆட்களை அழைத்து வந்தான், வாடகைக்கு வீடு காட்டுகிற அதே பாணியில். “இப்படி ஓரமா வாங்க. இங்கிருந்து பார்த்தாத்தான் பள்ளம் நல்லாத் தெரியும்.” போட்டோவுக்கு நெற்றியைச் சுருக்குவான். சுருக்கம் சரியாக விழவில்லையென்றால் இன்னொரு தடவை சுருக்குவான். வந்த கூட்டத்துக்குக் குடிக்கத் தண்ணீர் அக்கா வீட்டில்.

ஒரு சாயங்காலம் அக்கா வேலை முடிந்து வரும்போது மகள் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

“என்னடி ஆச்சு?”

“கயித்தைப் பிடிக்கக் கையை நீட்டினேன்மா. கயிறே இல்ல. நல்லவேளை, சுவர்ப்பக்கமா சாய்ஞ்சேன்.”

அக்கா அங்கேயே நின்று தம்பிக்குப் போன் போட்டாள்.

“நான்தான்க்கா அவிழ்த்தேன். போட்டோல அது அசிங்கமா இருக்கு. ஏதோ பாதுகாப்பு இருக்கிற மாதிரி காட்டுது. நாளைக்குக் காலைல கட்சிப் பெரியவரே நேர்ல வர்றார். அவர் மனசு வெச்சாத்தான் எனக்கு சீட்டு.”

“பிள்ளைத்தாச்சிடா அவ!”

“அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். அவர் வர்ற நேரத்துக்கு அவளை மெதுவா அந்தப் படியில இறங்கச் சொல்லேன். பார்க்கிறவனுக்கு அப்படியே உருகிடும்.”

அக்கா போனை வைத்தாள். மகளைக் கைத்தாங்கலாக மேலே விட்டுவிட்டு நேராக வெல்டிங்காரர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“கம்பியை எடுங்க தம்பி.”

“உரிமைன்னு உங்க தம்பி சொன்னாரே?”

“உரிமை வந்து என் மகளைத் தாங்காது. எடுங்க.”

மறுநாள் காலை பெரியவர் வெள்ளைச் சட்டையில் மூச்சிரைக்க ஏறிவந்தார். மைக்கு கீழேயே ஆரம்பித்துவிட்டான். “உயிரைக் கையில பிடிச்சுட்டு ஏறுற படிங்கய்யா! எத்தனை தாய்மார்...” இரண்டாம் மாடி திரும்பியதும் பெரியவர் எட்டி எதையோ பிடித்துக்கொண்டார். புதுக் கைப்பிடி. பெயிண்ட் காயவில்லை; உள்ளங்கையெல்லாம் கறுப்பு.

“நல்லாத்தானேய்யா இருக்கு?” என்றார், கையைப் பார்த்துக்கொண்டே.

மைக்குக்குப் பிறந்ததிலிருந்து முதல்முறையாகச் சத்தம் வரவில்லை. நாலெட்டில் மேலே ஓடி, வாசலில் நின்ற அக்காவின் காதைக் கடித்தான். “ஒரு மணி நேரத்துக்கு இதைக் கழட்ட முடியுமான்னு கேளுக்கா.”

“தாராளமா. நீ முதல்ல அந்த ஓரத்துல போய் நில்லு, கழட்டச் சொல்றேன்.”

பெரியவர் கைக்குட்டையால் துடைத்தபடி, “வேற எதாவது இருக்கா? இல்லேன்னா நான் கிளம்பறேன்” என்றார்.

மைக்கு முகத்தில் விளக்கு எரிந்தது. “இருக்குங்கய்யா! பின்னாடி கட்டடத்துப் படி இதைவிட மோசம், கைப்பிடியே இல்ல. லைட்டும் கிடையாது. நீங்க சாப்பிட்டு ஓய்வெடுங்க, சாயங்காலம் நானே வந்து கூட்டிட்டுப் போறேன்.” கைப்பிடியைத் தொடாமல், சுவரை உரசிக்கொண்டு அவரைக் கீழே இறக்கிக் காரில் ஏற்றினான்.

கார் தெருமுனை திரும்புகிறவரை அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமாகத் தம்பி பேச்சில் ஊரெல்லாம் கேட்டுச் சிரித்தது இன்றைக்குத்தான் அவளுக்குக் கேட்டது. வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாக அருவருப்பாக இருந்தது. கீழே இறங்கிப் போனாள்.

“பின்கட்டடத்துப் படி. சாயங்காலத்துக்குள்ள முடியுமா?”

வெல்டிங்காரர் தலையைச் சொறிந்தார். “தனி ஆளா முடியாதுக்கா.”

“யாரு தனி ஆள்?” என்று அக்கா முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு கம்பியின் ஒரு முனையைத் தூக்கினாள். “நடங்க.”