சபூறாவின் வளவு மழை

லீவு முடிந்து சவூதிக்குத் திரும்பும் கணவன் மசூரையும் அவன் பெட்டியையும் ஏற்றிய வான் சந்தி திரும்பியதும் சபூறாவின் வளவில் மட்டும் மழை பெய்யத் தொடங்கியது. அது எண்பத்திரண்டாம் ஆண்டு, வறண்ட கச்சான் காற்று அடிக்கும் மாதம். வேலிக்கு அப்பால் அயலவரின் அவித்த நெல் பாயில் காய்ந்துகொண்டிருக்க, இப்பால் முற்றம் நிரம்பி ஓடியது.

முந்திய பின்னேரம், மசூர் சவூதியிலிருந்து கொண்டுவந்த வீடியோ டெக்கில் படம் போட்டார்கள். உறையில் சண்டைப்படம்; உள்ளே வேறு கசட். ஆண்கள் விறாந்தையிலும் பெண்கள் திரைக்குப் பின்னாலும் இருந்து பார்த்தார்கள். சிவப்பு வெளிச்சம் விழும் அறையில் ஒருத்தி ஆணின் சட்டையை அயன் பண்ணி, கழுத்துப்பட்டியை மெல்ல முகர்ந்தாள். வெளியே மழையில் ஒருவன் அவளுடைய ஜன்னலைப் பார்த்தபடியே நின்றான். அவன் கதவைத் தட்டவில்லை, அவள் திறக்கவுமில்லை. மச்சான் கச்சிமுகம்மது, "பாட்டுமில்ல, அடிபிடியுமில்ல" என்று எழும்பிப் போனார். மசூர் கதிரையிலேயே தூங்கிப்போனான். முடியும்வரை பார்த்தவள் சபூறா மட்டும். தன்னை அப்படி யாரும் பார்த்து நின்றதில்லை என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மழை விடவேண்டி லெப்பை வந்து ஓதிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனார். அயல் கிணறுகள் வற்றிய காலத்தில் பெண்கள் குடங்களோடு வந்தார்கள். "மாப்பிள சவூதியில, மழ மட்டும் ஊட்டோட" என்றாள் தங்கை சுபைறா. ஊரடங்கு நாட்களிலும் பெய்தது. மசூர் வந்தால் விட்டுவிடும் என்று ஊர் சொன்னது.

எண்பத்தெட்டில் மசூர் நரைத்த தலையோடு ஒரேயடியாக வந்துவிட்டான். மழை விடவில்லை.

"நான்தான் வந்திட்டனே புள்ள, இன்னும் என்னத்துக்கு மழ?"

"ஊட்டுக்குத்தானே வந்திருக்கீங்க" என்றாள் சபூறா. "கையக் கழுவுங்க, சோறு ஆறுது."

அது அவளுடைய சீதன வீடு. கலியாணத்தன்று நுழைந்ததிலிருந்து அவன் யாரையும் கேட்டு உள்ளே வந்ததில்லை. ஒருநாள் அஸர் தொழுகை முடிந்து, குடையைப் பள்ளியில் மறந்துவிட்டு வந்தவன், முருங்கையடியில் நின்றுவிட்டான். சிகரெட்டை வாயில் வைத்து நனைந்த நெருப்புக்குச்சியை உரசிப் பார்த்தான், பற்றவில்லை. பிறகு ஜன்னலைப் பார்த்தான். உள்ளே அவனுடைய சட்டையை அயன் பண்ணிக்கொண்டிருந்த சபூறாவும் பார்த்தாள். அவன் அசையவில்லை. சட்டையின் கழுத்துப்பட்டி சூடாக இருந்தது. அவள் அதை ஒருமுறை முகர்ந்து, மடித்து வைத்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தாள்.

"உள்ள வரட்டா?" என்று கேட்டான் மசூர்.

"ஓம், வாங்க."

மழை அதன்பிறகும் விடவில்லை. அடுத்த நாள் அவன் கல்முனைச் சந்தையில் இன்னொரு குடை வாங்கிவந்து, அவளுடையதற்குப் பக்கத்து ஆணியில் கொழுவினான்.