என் பெயரைச் சொன்னவர்

"உங்ககூட நெருங்கிப் பழகின ஒருத்தருக்குத் தொற்று உறுதியாகியிருக்கு. துணிமணியை எடுத்துக்கிட்டுத் தனிமைப்படுத்துற பழைய பிளாக்குக்குப் போயிடுங்கம்மா," என்றார் கல்லூரிச் சுகாதாரப் பிரிவிலிருந்து பேசிய அக்கா.

"யாரு அக்கா என் பேரைச் சொன்னது?"

"அதைச் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லம்மா."

விடுதியில் மற்றவர்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டுதான் பழைய பிளாக்குக்குப் போனார்கள். எனக்கோ தலைகால் புரியவில்லை. யாரோடு நெருங்கிப் பழகினாய் என்று கேட்டால் என் பெயரைச் சொல்லவும் ஒரு ஜீவன் இருக்கிறதே! அது நான் 'நெட்டை' என்று கூப்பிடுகிறவனாகத்தான் இருக்க வேண்டும். நூலகப் படிக்கட்டில் ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு மாலை முழுக்க என்னோடு உட்கார்ந்திருப்பவன். அவன்மேல் எனக்கு உயிர். அவனிடம் சொன்னதில்லை. அவனும் வாயில் கொழுக்கட்டை வைத்திருப்பவன்போலச் சும்மாவே இருந்தான்.

தனியறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, சொட்டிக்கொண்டே இருக்கும் குழாய். சாப்பாட்டை வாசலில் வைத்துக் கதவைத் தட்டிவிட்டு ஓடிவிடுவார்கள். அம்மா போனில், "காய்ச்சல் இருக்காடி?" என்று அழுதாள். நான் சிரித்தேன். அதைக் கேட்டு இன்னும் பயந்துவிட்டாள்.

நெட்டையிடமே கேட்டிருக்கலாம். அவன் இல்லை என்று சொல்லிவிட்டால்? அவனுக்குத்தான் தொற்று வந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். லேசாக வந்தால் போதும் என்றும் சேர்த்துக்கொண்டேன். சீ, நானெல்லாம் ஒரு பெண்ணா! ஆனாலும் ஏக்கம் விடவில்லை.

ஒரு மாலை அவனே கூப்பிட்டான். தொண்டை கட்டியிருந்தது.

"எனக்குப் பாசிட்டிவ். நீயும் போய் டெஸ்ட் எடுத்துக்கோ."

"என்னைத்தான் பழைய பிளாக்ல போட்டாச்சே. நீதானே என் பேரைச் சொன்ன?"

"ஐயோ, நானா? சத்தியமா இல்ல! அந்த அக்கா துருவித் துருவிக் கேட்டாங்க. எல்லாரையும் சொன்னேன், உன்னை மட்டும் சொல்லல. லேப்ல உன் பக்கத்துல நிக்கிறவளுக்கும் இருக்காம். அவதான் சொல்லியிருப்பா."

"ஏன் என்னை மட்டும் சொல்லல?"

"தனியா ஒரு ரூம்ல அடைச்சா நீ என்ன பாடுபடுவேன்னு நினைச்சேன். மனசு வரல. உன்னைப் போய் மாட்டிவிடுவேனா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் இருமி முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"அந்த அக்காவுக்கு இப்பவே போன் பண்ணு," என்றேன். "என் பேரைச் சொல்லு."