பெரிதாகத் தெரிந்த புள்ளி

இனிச் சொல்லப்போவது எல்லாம் இதே வரிசையில்தான் நடந்ததா என்பதில் சந்தேகம் உண்டு. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரைக் கேட்டால் முதலில் தலைவலி, பிறகுதான் கை மரத்தது என்பார். அவர் மனைவியைக் கேட்டால், "கைதான் முதல்ல. தலைவலிக்குக் காரணமே இந்த மனுஷன்" என்பாள். யார் நினைவு சரி என்று தீர்த்துவைக்க மூன்றாவது ஆள் அந்த வீட்டில் இல்லை.

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். மார்பில் வந்த புற்றுநோயை அறுத்து, மருந்தேற்றி, அப்பாடா என்று நிமிர்ந்த பிறகு அது மூளையில் மூன்று புள்ளிகளாகத் தலைகாட்டியது. இனி ஓட்டக் கூடாது என்றார்கள். அன்றிலிருந்து கணவர் ஓட்ட, பக்கத்து இருக்கையில் இல்லாத பிரேக்கை அவள் மிதித்துக்கொண்டே வந்தாள்.

"கண்ணாடி விக்கிறவருக்கு எதிர்ல லாரி வர்றது தெரியலையா?"

"எனக்குத் தெரியுதும்மா. அவனுக்கு என்னைத் தெரியுதான்னுதான் தெரியல."

சிகிச்சையை டாக்டரம்மா பொறுமையாகத்தான் விளக்கினார். ஊசி, உடம்பின் காவல்காரர்களான எதிர்ப்புச் செல்களைத் தட்டி எழுப்பும். கதிர்வீச்சு, தலை முழுக்கப் பாயாமல் அந்தப் புள்ளிகளை மட்டும் குறிவைத்து உடைக்கும். உடைந்த துண்டுகளைப் பார்த்துக் காவல்காரர்கள் திருடனை அடையாளம் தெரிந்துகொள்ளக்கூடும். இரண்டும் சேர்ந்தால் தனித்தனியாகச் செய்வதைவிட நல்லது என்று நம்புகிறோம் என்றார். நம்புகிறோம் என்றாரா, தெரியும் என்றாரா என்று கண்ணாடிக்காரர் பிறகு பலமுறை யோசித்திருக்கிறார்.

கதிர்வீச்சின்போது தலை அசையாமலிருக்க முகத்தின் மேல் சூடான பிளாஸ்டிக் வலை ஒன்றைப் படியவைத்து, அது இறுகியதும் மேசையோடு பூட்டினார்கள். வெளியே வந்தபோது அவள் கன்னமெல்லாம் கட்டம் கட்டமாகத் தடம்.

"எப்படி இருந்துச்சு?"

"வலையில மாட்டின மீனைக் கேளுங்க, சொல்லும்."

மூளை வீங்காமலிருக்க ஒரு மாத்திரையும் தந்தார்கள். காலை ஒன்று, மாலை ஒன்று. முடிந்தவரை குறைந்த அளவுதான், ஆனால் சொல்லாமல் குறைக்கக் கூடாது என்று டாக்டரம்மா விரலை ஆட்டிச் சொன்னார்.

குழப்பம் மச்சினன் வடிவத்தில் வந்தது. அவளுடைய தம்பி, எதையாவது படித்துவிட்டால் போன் செய்யாமல் அவனுக்குத் தூக்கம் வராது.

"அத்தான், அந்த ஊசியும் இந்த மாத்திரையும் எதிரும் புதிருமாம். ஊசி எழுப்பிவிடுறவனை மாத்திரை தாலாட்டித் தூங்க வெச்சிடுமாம்!"

"டாக்டருக்குத் தெரியாததா மாப்பிள்ளை?"

"சும்மா சொன்னேன் அத்தான்."

சும்மா சொன்னது அவர் தலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. டாக்டரைக் கேட்டிருக்கலாம். சந்தேகப்படுகிறோம் என்று அந்த அம்மா முகம் மாறிவிடுமோ என்று பயம். மாத்திரையைப் பாதியாக உடைத்தால் மனைவி கண்டுபிடித்துவிடுவாள். கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்துப் பழகிய கை சும்மா இருக்குமா? கடையில் ஆளில்லாத நேரம், மெல்லிய உப்புத்தாளில் ஒவ்வொரு மாத்திரையின் அடிப்பக்கத்தையும் தேய்த்தார். மேலிருந்து பார்த்தால் வட்டம் குறையாத முழு மாத்திரை. கனம் மட்டும் பாதி.

சில வாரங்களில் அவள் இடது கால் தரையில் இழுபட ஆரம்பித்தது. ஸ்டீயரிங் என்று சொல்ல வாயெடுத்து, குடை என்றாள். தானே சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

மறுபடி ஸ்கேன். டாக்டரம்மா திரையில் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இது முன்னாடி எடுத்தது. இது இப்ப. இந்தப் பெரிய புள்ளி இன்னும் பெருசாத் தெரியுது."

இது தெளிவா, அது தெளிவா என்று வாழ்நாளெல்லாம் பிறரைக் கேட்டவருக்கு அந்த இரண்டில் எதுவும் தெளிவாக இல்லை.

"வளர்ந்திருச்சா?" என்றாள் மனைவி.

"நோய் வளர்ந்தாலும் இப்படித்தான் தெரியும். மருந்து வேலை செஞ்சு, உங்க உடம்போட செல்லெல்லாம் அங்க போய்ச் சண்டை போட்டாலும் வீங்கி இப்படித்தான் தெரியும். கதிர் பட்ட இடம் புண்ணானாலும் இப்படித்தான்."

"இதுல எது டாக்டர்?" என்றார் அவர்.

"படத்தை மட்டும் வெச்சு என்னால சொல்ல முடியாது. மாத்திரை சொன்ன அளவு போகுதா?"

"போகுது" என்றார் அவர். "போகுது" என்றாள் அவளும். ஒரே குரலில், வாய்ப்பாடு ஒப்பிக்கும் பிள்ளைகள் மாதிரி.

டாக்டரம்மா இரண்டு படங்களையும் மறுபடி பார்த்தார். "அவ்வளவு மாத்திரை போயும் காலும் பேச்சும் மோசமாகுதுன்னா, வெறும் வீக்கம்னு நம்ப முடியல. நோய்தான்னு எடுத்துக்கணும். இந்த ஊசியை நிறுத்திட்டு வேற பார்ப்போம்."

வேறு என்றால் என்ன என்று இருவரும் கேட்கவில்லை. பதில் டாக்டரம்மா முகத்திலேயே இருந்தது.

கார் நிறுத்துமிடத்தில் அவர் சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தார். முன்னால் சுவர். சொன்னால் இவள் என்ன நினைப்பாள்? சொல்லாவிட்டால் ஊசி நின்றுவிடும். ஒருவேளை தேய்த்தது நல்லதுதானோ, அதனால்தான் காவல்காரர்கள் விழித்துப் போய்ச் சண்டை போடுகிறார்களோ? அல்லது அதனால்தான் இவள் கால் இழுக்கிறதோ? இரண்டும் உண்மையாக இருக்க முடியுமா? யோசிக்க யோசிக்க நூல்கண்டு சிக்கிக்கொண்டே போனது.

"மாத்திரையை நான் தேய்ச்சுட்டேன்" என்றார், சுவரைப் பார்த்தபடி.

"என்னது?"

"உப்புத்தாள்ல. பாதிதான் இருக்கும். உன் தம்பி சொன்னான், அது ஊசியைக் கெடுக்கும்னு."

அவள் திரும்பி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அடப் பாவி மனுஷா! நாளுக்கு நாள் ஒல்லியாகுதே, கம்பெனிக்காரன் ஏமாத்துறான்னுல்ல நினைச்சேன்!"

"திட்டு. நல்லாத் திட்டு."

"எந்த வாயால திட்டறது?" குரல் இறங்கியது. "சாயங்கால மாத்திரையை நான் முழுங்குறதே இல்ல. நாக்குக்கு அடியில வெச்சுட்டுப் போய்த் துப்பிடுவேன்."

"ஏன்?"

"அதைப் போட்டா உங்க மேல எரிஞ்சு எரிஞ்சு விழுறேன். அன்னைக்கு நீங்க சாப்பிடாம எழுந்து போனீங்க. இருக்கப்போற கொஞ்ச நாள்ல அந்த மூஞ்சியப் பார்த்துட்டுப் போகணுமான்னு தோணுச்சு."

அன்று வயிறு சரியில்லாமல் எழுந்தோமா, கோபித்துக்கொண்டு எழுந்தோமா என்று அவருக்கு நினைவில்லை.

"அப்ப எனக்குள்ள போனது எவ்வளவு?" என்றாள்.

"பாதியில பாதி."

"இறங்குங்க. அந்தம்மா கிளம்பிடப் போறாங்க."

டாக்டரம்மா கைப்பையை மாட்டிக்கொண்டிருந்தார். கேட்டு முடித்ததும் பையைக் கழற்றி மேசையில் வைத்தார். திட்டினார், திடீரென்று குறைத்ததில் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்று மேசையைத் தட்டித் திட்டினார். தேய்த்த மாத்திரை ஒன்றைக் கேட்டு வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவ்வளவு சுத்தமா எப்படித் தேய்ச்சீங்க?" என்று கேட்டுவிட்டு, கேட்டதற்காகவே இன்னும் கோபப்பட்டார்.

"இப்ப ஊசியை நிறுத்தணுமா டாக்டர்?" என்றாள் அவள்.

"இப்ப எனக்கு ஒண்ணுமே தெரியல. முழு மாத்திரை போடுங்க, என் நர்ஸ் முன்னாடி. கால் சரியாகுதான்னு பார்த்துட்டு முடிவு பண்றேன்."

கால் சரியானது. வார்த்தைகளும் ஒவ்வொன்றாகத் திரும்பின. அப்படியானால் அது வீக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊசி நிற்கவில்லை. மாத்திரையை டாக்டரம்மாவே படிப்படியாகக் குறைத்தார்.

அடுத்தடுத்த ஸ்கேன்களில் சிறிய புள்ளிகள் இரண்டும் மறைந்தன. பெரியது சுருங்கி ஒரு தழும்பு போல நின்றது. அது செத்த இடமா, தூங்கும் இடமா என்று இன்றும் யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. ஊசியால் அவளுக்குத் தைராய்டு கெட்டது. அதற்குத் தினமும் ஒரு மாத்திரை போடுகிறாள். காரை விற்றுவிட்டார்கள். அவள் இப்போது கணவரின் கடையில் உட்கார்ந்து, வருகிறவர்களின் முகத்துக்கு எந்தக் கண்ணாடிச் சட்டம் பொருந்தும் என்று சொல்கிறாள். மச்சினன் கல்யாணமாகி வேறு ஊர் போய்விட்டான். போன் செய்வது குறைந்திருக்கிறது. டாக்டரம்மா வேறு மருத்துவமனைக்கு மாறினார். இவர்களும் அவர் பின்னாலேயே மாறினார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கிறார்கள்.