பட்டை சுற்றிய கை

"பாட்டி, கையை நேரா நீட்டுங்க. பேசாதீங்க…"

"ஏங்கண்ணு, அவளுக்கில்ல, எனக்குத்தான்…"

"நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா, பிரஷர் மெஷின் ஓடிட்டிருக்கு."

"சொல்றது காதுல உழுகுதா இல்லையா? பேரு குடுத்தது நானு. மயிலாத்தாள்னு போட்டிருக்கும் பாரு. அவ எங்கூட்டு வேலைக்காரி."

மயிலாத்தாளுக்குக் கடைசிச் சொல் வேண்டியதைவிட உரக்கவே வந்துவிட்டது. வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த வெள்ளையம்மாள், கையில் பட்டையோடு எழுந்திருக்கப் பார்த்தாள்.

மயிலாத்தாளின் மகனுக்குப் பனியன் கம்பெனி. வருடம் தவறாமல் அம்மாவை முழு உடல் பரிசோதனைக்கு அனுப்பிவிடுவான். பையையும் வெந்நீர் பிளாஸ்க்கையும் தூக்கிக்கொண்டு துணைக்கு வெள்ளையம்மாள் வருவாள். அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து பிழைக்க வந்து, கம்பெனியில் பனியன்களின் நூல் பிசிறு வெட்டி, கண் மங்கிய பிறகு வீட்டு வேலைக்கு மாறியவள். மயிலாத்தாளைவிட எட்டு வயது இளையவள். நர்ஸுக்கு அது எங்கே தெரியும்? நரையும் கூனும் கண்ட பக்கம் பட்டையைச் சுற்றிவிட்டாள்.

மெஷின் நின்றது. நர்ஸ் எண்ணைப் பார்த்தாள். நம்பாமல் இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தாள்.

"பாட்டி, தலை சுத்துதா?"

"எப்பவும் சுத்துறதுதான் தாயி."

"இருநூத்திப் பத்து காட்டுது. எந்திரிக்காதீங்க. டாக்டர் இப்பவே பாக்கணும்."

"இரு கண்ணு," என்றாள் மயிலாத்தாள். "நான் வெறும் வயித்தோட வந்திருக்கறேன். மொதல்ல எனக்கு ரத்தம் எடுத்து உட்ரு. அவளைச் சாயங்காலம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிக்கலாம்."

நர்ஸ் தலையை நிமிர்த்தினாள். பேத்தி வயதுதான் இருக்கும். அவள் பார்த்த பார்வையில் மயிலாத்தாளுக்குக் காது மடல் சுட்டது. சொன்னதை அள்ளி உள்ளே போட்டுக்கொள்ளவா முடியும்? "சரி, கூட்டிட்டுப் போ" என்றாள், என்னவோ தானம் கொடுக்கிறவள் மாதிரி. அந்தக் குரல் அவளுக்கே நன்றாகக் கேட்டது.

பரிசோதனையில் மயிலாத்தாளுக்கு எல்லாம் சரியாக இருந்தது. "இந்த வயசுக்கு சூப்பருங்கம்மா" என்றார் ஸ்கேன் எடுத்தவர். மற்ற வருடமென்றால் இந்தப் பேச்சை வீட்டுக்குக் கொண்டுபோய் மருமகள் கீதாஞ்சலியிடம் இரண்டு தரம் சொல்லியிருப்பாள். இன்று தலையைக் குனிந்துகொண்டு சேலையைச் சரிசெய்தாள்.

முடித்துவிட்டு வந்தபோது, வெள்ளையம்மாள் திரைக்குப் பின்னால் கட்டிலில் படுத்திருந்தாள். விரிப்பு கசங்கிவிடப் போகிறதே என்று ஓரத்தில் ஒடுங்கியிருந்தாள். பிளாஸ்க்கை வயிற்றோடு அணைத்திருந்தாள்.

"மாத்திரை குடுத்தாகம்மா. எறங்கிருச்சாம். போவமா?"

"பேசாம படு. ஏம்புள்ள, உனக்கு இது முந்தியே தெரியுமா?"

"ரெண்டு வருசமாத் தெரியும்."

"அப்பறம் மாத்திரை திங்காம என்ன பண்ணுன? உங்க லைன் ஊடுகளுக்கே கவருமெண்டு ஆளுக வந்து சும்மா குடுக்கறாங்களாமல்ல. ஊடு தேடி வர்றதை வாங்கி வாயில போடறதுக்கு என்ன கேடு?"

"வர்றாகம்மா. புதன்கெழம புதன்கெழம பத்து மணிக்கு வர்றாக. வீடு பூட்டிக் கெடக்கும்."

"ஏன், நீ எங்க போற?"

கேட்டு முடிக்கும் முன்பே மயிலாத்தாளுக்குத் தெரிந்துவிட்டது. புதன்கிழமை பத்து மணிக்குத்தான் அவளுடைய முட்டி வலிக்குப் பயிற்சி கொடுக்க ஆள் வருவான். வெள்ளையம்மாள் பாய் விரித்து, எண்ணெயைச் சூடு பண்ணி, முடிகிறவரை பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

"பக்கத்தூட்டுல குடுத்து வெக்கச் சொல்றது," என்றாள். குரல் இறங்கிப்போயிருந்தது.

"பிரஷர் பாத்துட்டுத்தான் குடுப்பாகளாம். ஆளு இருக்கணுமாம்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா நான் வேண்டாம்னா சொல்லப் போறேன்?"

வெள்ளையம்மாள் சண்டைக்கு நிற்கவில்லை. கடையில் வாங்க மறந்த சாமானை நினைவுபடுத்துகிறவள் போலத்தான் கேட்டாள்.

"பொங்கலுக்கு முந்தி புதன்கெழமயில ஒரு மணி நேரம் கேட்டேன்லம்மா, வேலைக்குக் கள்ளம் பண்றாள்னு நீங்கதான சிரிச்சீக?"