செனட்டரின் புன்னகை

ஓர் உயிரைக் காப்பதைவிட உயர்ந்த காரியம் இந்த மண்ணில் கிடையாது. அந்த உயிர் வாய் பேசாததாக இருக்கும்போது காப்பவனின் கடமை இருமடங்காகிறது. அமெரிக்காவின் வடகோடியிலுள்ள டுலூத் நகர மீன் வளர்ப்போர் சங்கத்தின் தலைவர் கேலன் ஆஸ்பெலுண்ட் இதை ஒவ்வொரு மாதக் கூட்டத்திலும், லூத்தரன் தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில், காப்பிக் கொதிகலனுக்குப் பக்கத்தில் நின்றபடி, கண்களை மூடிக்கொண்டு சொல்வார். அவர் கண்ணை மூடியிருக்கும் நேரத்தில்தான் நாங்கள் எலுமிச்சைக் கேக்கில் இரண்டாவது துண்டை எடுத்துக்கொள்வது வழக்கம். அதன்பிறகு குலுக்கல். பரிசு பெரும்பாலும் ஒரு வாளி.

அந்தப் பிப்ரவரிக் கூட்டத்தில் அவர் கண்ணைத் திறந்ததும் குலுக்கலை அறிவிக்கவில்லை.

"செனட்டர் சாப்பிட மாட்டேங்கிறான்" என்றார்.

கூடத்தில் மெல்லும் சத்தம் நின்றது. செனட்டர் அவர் வீட்டு வரவேற்பறைத் தொட்டியில் தனியாக வாழும் நைல் நதிப் பேத்தை மீன். முழங்கை நீளம், மஞ்சள் கோடுகள், பயந்தால் பந்தாக ஊதிக்கொள்ளும் வயிறு. கூட இன்னொரு மீனை விட்டால் கடித்துத் துண்டாக்கிவிடும் சாதி. ஆனால் செனட்டர் அப்படியல்ல என்பதுதான் தலைவரின் பெருமை. அவர் விரல் நுனியில் நீட்டும் இறாலை அவன் விருந்துக்கு வந்த தூதரைப் போல நோகாமல் உறிஞ்சி எடுத்துக்கொள்வான். "மீன் கடிச்சா அது வளக்கிறவனோட தோல்வி. என்னை இதுவரைக்கும் ஒரு மீனும் கடிச்சதில்ல" என்று சங்கத்தின் செய்தி மடலில் அவர் எழுதாத இதழ் கிடையாது. அதோடு அவனுக்கு ஒரு புன்னகை உண்டு. மேலுதடு சற்றே தூக்கி, முன்பற்கள் வெள்ளையாகத் தெரிய, வாக்குக் கேட்டு வந்தவனைப் போல எந்நேரமும் சிரித்துக்கொண்டிருப்பான். பெயரே அதனால் வந்ததுதான். அந்தச் சிரிப்புதான் எங்கள் சங்கச் சட்டையில் சின்னம். காப்பிக் குவளையிலும் அதுவே.

தலைவர் எடுத்த நடவடிக்கைகளை விவரித்தார். தண்ணீரைச் சோதித்தாயிற்று, சங்கத்தில் யார் வீட்டுக் குழாய்த் தண்ணீரும் அவ்வளவு சுத்தமில்லை. வயிறு ஒட்டியிருந்ததால் குடற்புழு என்று முடிவு செய்து மருந்து போட்டார். புழு வரவில்லை. வெப்பத்தைக் கூட்டினார், குறைத்தார். உள்ளூர் கால்நடை மருத்துவரைத் தொலைபேசியில் கூப்பிட்டதற்கு, அவர் "அதுக்கு முடி இருக்கா?" என்று கேட்டு, இல்லை என்றதும் வருத்தம் தெரிவித்து வைத்துவிட்டார். கடைசியில் இது மனம் சம்பந்தப்பட்ட நோய் என்ற முடிவுக்குத் தலைவர் வந்திருந்தார். மனைவி மார்லிஸ் கிறிஸ்துமஸுக்கு வாங்கிய புதிய சோபாதான் காரணம். பழைய சோபாவைக் கராஜிலிருந்து இழுத்து வந்து திரும்பப் போட்டார்கள். செனட்டர் அப்போதும் சாப்பிடவில்லை. இறாலை வாயருகே கொண்டுபோனால் முகர்ந்து பார்ப்பான், உதட்டால் தள்ளுவான், மூலைக்குப் போய்ச் சிரித்துக்கொண்டிருப்பான்.

இங்கே எங்கள் ஊர் வழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே யாரும் யாரிடமும் எதையும் மோசம் என்று சொல்வதில்லை. வீடு ஒழுகினால் காற்றோட்டம் நன்றாக இருக்கிறது என்போம். தாங்கவே முடியாமல் போனால் மட்டும் "வித்தியாசமா இருக்கு" என்போம். அதைக் கேட்டு ஊரைவிட்டே போனவர்கள் உண்டு. சங்கச் சட்டையை முதலில் விரித்துக் காட்டிய அன்று, தோய்வோ லாஹ்தி என்ற எங்கள் மூத்த உறுப்பினர் அந்த மீன் முகத்தை நெடுநேரம் பார்த்து, "வித்தியாசமான சிரிப்பு" என்றார். எங்களைப் பொறுத்தவரை அது கூக்குரல். தலைவர் "நன்றி" என்றார்.

பேத்தை மீனின் பல் சாகும்வரை வளரும். நத்தை ஓட்டைக் கடித்துக் கடித்துத்தான் அது தேய வேண்டும். இதை எங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவரே ஆஸ்பெலுண்ட்தான். ஆனால் செனட்டரின் தொட்டியில் பால் வெள்ளை மணல். நத்தை ஓடு சிதறினால் செய்தி மடலுக்குத் தலைவர் எடுக்கும் படம் கெட்டுவிடும். ஆகவே மார்லிஸ் இறாலை ஓடு உரித்து, நரம்பு எடுத்து, பொடியாக நறுக்கிக் கொடுப்பாள். நாங்கள் எல்லோரும் அந்தச் சிரிப்பைப் பார்த்தோம். நம்மைவிடப் பக்குவமாகச் சொல்லத் தெரிந்த யாராவது சொல்வார்கள் என்று எல்லோரும் காத்திருந்தோம்.

தலைவர் செனட்டரின் படத்தைத் திரையில் பெரிதாகக் காட்டினார். "பாருங்க. கண்ணுல எவ்வளவு துக்கம்."

டெனீஸ் கபோபியாங்கோ போன இலையுதிர்காலத்தில்தான் நியூ ஜெர்சியிலிருந்து இங்கே குடிவந்தவள். வாயில் கேக்கை வைத்துக்கொண்டே பேசினாள். "கண்ணை விடுங்க தலைவரே. பல்லைப் பாருங்க. எப்படி வளந்து கெடக்கு! அதால வாயே தெறக்க முடியல. பட்டினி கெடந்து சாகுது."

யாரோ கரண்டியைக் கீழே போட்டார்கள். ஒரு மீன் செத்துக்கொண்டிருக்கிறது என்பதல்ல, அதை ஒருத்தி வாய்விட்டுச் சொல்லிவிட்டாள் என்பதுதான் எங்களை உலுக்கியது.

"ஏன் எல்லாரும் எழவு வீட்டுல உக்காந்த மாதிரி பாக்குறீங்க? இது யாருக்குமே தெரியலையா?"

தோய்வோ தன் பூட்சைப் பார்த்தார். "தெரியலன்னு சொல்ல முடியாது" என்றார்.

தலைவர் திரையைப் பார்த்தார். பிறகு குனிந்து, தன் மார்பிலிருந்த சட்டைப் படத்தைத் தலைகீழாகப் பார்த்தார். "அவன் சிரிக்கிறான்" என்றார்.

"சிரிப்பில்ல. பல்லு."

"எவ்வளவு நாளா?"

கொதிகலன் மட்டும் கொப்புளித்தது. "சட்டை அடிச்சப்பவே" என்றார் தோய்வோ, மிக மெதுவாக. "அப்பவே கொஞ்சம் வித்தியாசமாத்தான் இருந்துச்சு."

தலைவர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். அன்று குலுக்கல் நடக்கவில்லை.

மறுநாள் காலை, செனட்டரின் பல்லை வெட்ட, ஆஸ்பெலுண்ட் வீட்டுச் சமையலறையில் டெனீஸ், தோய்வோ, நான் மூவரும் கூடினோம். நல்ல துணியில் மீன் வழவழப்புப் படவேண்டாம் என்று மூவருமே சங்கச் சட்டையைப் போட்டு வந்திருந்தோம். வாசலில் ஒருவரையொருவர் பார்த்த பிறகுதான் உறைத்தது. முந்தின நாள் சட்டையைக் கழற்றாமலே இருந்த தலைவர் கதவைத் திறந்து, எங்கள் மூன்று சிரிப்புகளையும் பார்த்துவிட்டு, வழிவிட்டார்.

பல்வலிக்குத் தடவுகிற கிராம்புத் தைலம்தான் மயக்க மருந்து. வாளித் தண்ணீரில் சில சொட்டு. கூடிப்போனால் மீன் விழிக்காது; குறைந்துபோனால் கையிலேயே விழித்து, காற்றை இழுத்து ஊதிக்கொள்ளும்; தண்ணீருக்கு வெளியே இழுத்த காற்றை வெளியே விடுவது அதற்குப் பெரும்பாடு. வீடு முழுக்கக் கிராம்பு வாசனை. "கிறிஸ்துமஸுக்குப் பன்னிக்கறி வேகுற மாதிரி இருக்கு" என்ற மார்லிஸ், கணவன் முகத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். செனட்டர் வாளியில் ஒருமுறை சாய்ந்தான், நிமிர்ந்தான், பிறகு பக்கவாட்டில் படுத்துவிட்டான். அவனை ஈரத் துண்டில் ஏந்தி மேசைமேல் வைத்தோம். கூட்டத்துக்குக் கூட்டம் மேடையேறிய அந்தச் சிரிப்பை முதன்முறையாகக் கிட்டத்தில் பார்த்தேன். மேற்பல் கீழுதட்டைத் தாண்டி இறங்கி, வாயைப் பூட்டிப் போட்டிருந்தது.

வெட்டுவதற்கு மார்லிஸின் நகக் குறடு, தலைவர் கையில். டெனீஸ் கையை நீட்டினாள். தலைவர் கொடுக்கவில்லை. "நான்தான் செய்யணும். ஓர் உயிரைக் காப்பதைவிட உயர்ந்த..."

"வெட்டுங்க!" என்று டெனீஸ் கத்தினாள்.

வெட்டினார். பல் துண்டு தெறித்து, மேசையிலிருந்த சங்கக் குவளைமேல் டிங் என்று மோதியது. இன்னொரு வெட்டு, கீழே ஒரு வெட்டு. ஓடிப்போய்த் தொட்டியில் விட்டோம். செனட்டர் கல்லைப் போல அடிக்குப் போனான். செவுள் அசையவில்லை.

தலைவர் சட்டைக் கையைக்கூடச் சுருட்டாமல் தோள்வரை கையை உள்ளே விட்டு, அவனைப் பிடித்து, வாய்க்குள் தண்ணீர் போகும்படி முன்னே தள்ளித் தள்ளி நடத்தினார். அப்படி எத்தனை நேரம் நின்றார் என்று தெரியாது. அவர் பேசாமலிருந்து நாங்கள் பார்த்ததே இல்லை. ஈரம் சட்டையில் ஏறி, மார்பிலிருந்த மீன் முகம் கறுத்தது. ஒரு கட்டத்தில் தொட்டிக் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, எங்களுக்குக் கேட்கக் கூடாதென்று நினைத்த குரலில், "நீ சிரிக்கிறேன்னு நெனச்சேன்டா" என்றார்.

தோய்வோ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்புறம் செவுள் ஒருமுறை திறந்தது. மூடியது. நெடுநேரம் கழித்து இன்னொருமுறை. அவன் ஒரு கண் மட்டும் சுழன்று, தலைவரைப் பார்த்தது. சிரிப்பில்லாத முகம். யாரோ அறிமுகமில்லாத மீனைப் போல இருந்தது.

அடுத்த வாரம் அவன் முதல் நத்தையைக் கடித்த சத்தம் சமையலறைவரை கேட்டதாக மார்லிஸ் எல்லோருக்கும் தொலைபேசி செய்தாள். வெள்ளை மணலெங்கும் ஓட்டுச் சில். தலைவர் அதைப் படம்பிடிக்கவே இல்லை. எங்கள் சங்கத்தில் அந்த அளவு மாற்றத்தை யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

மீதியை மார்லிஸ் மளிகைக் கடை வரிசையில் என்னிடம் சொன்னாள். செனட்டர் உடம்பு தேறிய சந்தோஷத்தில், தலைவர் ஒரு மாலை, பழையபடி ஓர் இறாலை விரல் நுனியில் பிடித்து நீட்டியிருக்கிறார். செனட்டர் இறாலையும் எடுத்துக்கொண்டான், விரல் நுனிச் சதையையும் எடுத்துக்கொண்டான்.

மருத்துவமனையில் தையல் போட்ட தாதி, "எது கடிச்சுது?" என்று கேட்டாள்.

"நாய்" என்றார் தலைவர்.

"தெரிஞ்ச நாயா?"

"இல்ல. தெருவுல போன நாய்."

தாதி காயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளும் எங்கள் ஊர்க்காரிதான். "வித்தியாசமான நாய்" என்றாள். மார்லிஸ் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையைத் திறந்தாள், மூடினாள்.

வெறிநாய்க்கடி ஊசியின் முதல் தவணையை அன்றே போட்டார்கள். மீதித் தவணைகளையும் அவர் ஒன்றுவிடாமல் போய்ப் போட்டுக்கொண்டார்.