கால் கழுவக் கொடுத்த தண்ணீர்

1

வெள்ளைத்துரையைக் கொஞ்சம் அவமானப்படுத்தலாம் என்றுதான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். இலக்கிய நோக்கம் ஏதும் உண்டா என்று கேட்பீர்கள். பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

முதல் தொடக்கம்: ‘எழுபத்தொன்பதில், மதுரைக் கல்லூரியொன்றில் பொருளாதாரம் நடத்திவந்த வெள்ளைத்துரை என்ற அற்பர்…’ (அடித்துவிட்டேன். கதை நிரூபிக்க வேண்டியதை முதல் வரியே சொல்லிவிடுகிறது.)

இரண்டாம் தொடக்கம்: ‘பெயர்தான் வெள்ளைத்துரை; ஆள் நல்ல கறுப்பு.’ இதுவும் ஆகாது. இந்த வேடிக்கையை அவரே முதல் வகுப்பில் சொல்லிப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்துவிட்டார். எனக்கென்று எதையும் மிச்சம் வைக்காத மனிதர்.

2

விஷயம் இதுதான். பொங்கல் கழிந்ததும் எங்கள் மாணவர்கள் அலங்காநல்லூருக்கு அப்பால் ஒரு கிராமத்தில் சேவை முகாம் போட வேண்டும். முகாமுக்குத் தலைவர் நானா, அவரா? “பிள்ளைகளை யார் நல்லாத் தயார் பண்றாங்கன்னு பாப்போம்” என்றுவிட்டார் பிரின்சிபால். நான் தமிழ்த்துறை, மூத்தவன். தலைவர் நான்தான் என்று பழங்காநத்தத்தில் எங்கள் தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

‘கிராமத்தை அணுகுவது எப்படி’ என்று உரையாற்றினேன். கரும்பலகையில் ‘கிராமம் நம் தாய்’ என்று எழுதினேன். தங்கப்பொண்ணு என்ற மாணவி எழுந்தாள்.

“சார், நான் அந்த ஊர்லருந்துதான் தினமும் பஸ்ல வாரேன். சாயங்காலம் திரும்பிப் போறப்ப நான் எப்படி அணுகணும்?”

[இங்கே நான் சொன்ன சாமர்த்தியமான பதில் வர வேண்டும். இன்னும் கிடைக்கவில்லை. இடம் விட்டிருக்கிறேன்.]

3

வெள்ளைத்துரை உரையாற்றவில்லை. மைதானத்து வேப்பமரங்களில் ‘கிணறு’, ‘சாவடி’ என்று அட்டைகளைத் தொங்கவிட்டார். ஒரு பெஞ்சைப் போட்டு, அது தங்கப்பொண்ணு வீடு என்றார். மாணவர்கள் அங்கே ஒவ்வொருவராக விருந்துக்குப் போய்ப் பழக வேண்டும். நான் மாடி வராந்தாவிலிருந்து பார்த்தேன். (தற்செயலாக. தினமும்.)

கே.கே. நகர்ப் பையன் ஒருவன் சொம்பைத் தூக்கி அண்ணாந்து குடித்தான். வீட்டில் பழக்கிய மரியாதை.

“நீ மரியாதைன்னு நெனச்சுக் குடிக்கிற” என்றாள் தங்கப்பொண்ணு. “எங்க தெருவுக்கு வர்ற ஊர்க்காரவுக, எங்க சொம்பு வாயில பட்டுறக் கூடாதுன்னு அண்ணாந்து குடிப்பாக. எங்கப்பாவுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும்.”

வெள்ளைத்துரை அந்த ஊர்ப் பக்கத்து நிலக்காரக் குடும்பம். சொம்பை வாங்கி, வாய் வைத்துக் குடித்தார்.

‘விளம்பரத்துக்காகக் குடித்தார்’ என்று எழுதிப் பார்த்தேன். வாக்கியம் நிற்க மாட்டேன் என்கிறது.

அடிக்குறிப்பு: இவருக்கு ஒரு கெட்ட குணம் அவசரமாகத் தேவை. கல்லூரிச் சாக்பீஸை வீட்டுக்குக் கொண்டுபோகிறார் என்று கேள்விப்பட்டு மகிழ்ந்தேன். தெருப் பிள்ளைகளுக்குச் சும்மா பாடம் நடத்தத்தானாம். வேறு தேடுகிறேன்.

4

மறுநாள் பிரின்சிபாலே மைதானத்துக்கு வந்து நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. இறங்கிப் போனேன். “நானும் விருந்தாளிதான்” என்று பெஞ்சின் முன் நின்றேன்.

“வாங்க சார்” என்று தங்கப்பொண்ணு சொம்பை நீட்டினாள்.

பிரின்சிபால் பக்கம் நன்றாகத் திரும்பி, வாய் வைத்து மடமடவென்று குடித்தேன். மைதானமே அடங்கிப்போனது. சமூக மாற்றம் இப்படித்தான் ஓசையில்லாமல் வரும்போலும் என்று நினைத்தேன்.

“சார், அது கால் கழுவக் குடுத்த தண்ணி” என்றாள் தங்கப்பொண்ணு மெல்ல. “உள்ள வந்து உக்காந்தப்பறம்தான் குடிக்கத் தருவோம்.”

மாடியிலிருந்து பார்த்தவனுக்குச் சொம்பு தெரிந்தது. எது முதல் சொம்பு, எது இரண்டாவது என்பது தெரியவில்லை. எங்கோ ஒரு சிரிப்பு கிளம்பிப் பரவியது.

“எல்லாம் அதே குழாய்த் தண்ணிதாண்ணே. எனக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்க” என்றபடி வெள்ளைத்துரை என் கையிலிருந்து சொம்பை வாங்கினார். நான் வாய் வைத்த இடத்திலேயே வாய் வைத்து மீதியைக் குடித்தார். சிரிப்பு கைதட்டலாக மாறியது. பிரின்சிபாலும் தட்டினார். எனக்காக இல்லை.

வெள்ளைத்துரையும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்திருக்கலாம். எனக்கு ஒரு நல்ல கதை கிடைத்திருக்கும்.

5

அன்று சாயங்காலமே அறிவித்துவிட்டார்கள். தலைவர்: வெள்ளைத்துரை. துணை: நான்.

முடிவு அ: வெள்ளைத்துரைக்குத் தர்மபுரிக்கு மாற்றல். (எங்களுடையது தனியார் கல்லூரி, மாற்றல் கிடையாது. வருத்தம்தான்.)

முடிவு ஆ: முகாமன்று எனக்குக் காய்ச்சல். தெருவுக்கும் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் வெள்ளைத்துரை ஆரஞ்சுப்பழத்தோடு பார்க்க வந்துவிடுவாரே என்று…

முடிவு இ: பஸ் நிலையம். காலைக் கூட்டம். எங்களை அழைத்துப் போக வந்த தங்கப்பொண்ணு படிக்கட்டில் நிற்கிறாள்.

“ஏறுங்க சார். அப்பா காத்துக்கிட்டிருப்பாரு. உங்களப் பத்திச் சொல்லியிருக்கேன்.”

“என்னன்னு?”

“கால் கழுவுற தண்ணியக் குடிச்சீகளே, அதத்தான். விழுந்து விழுந்து சிரிச்சாரு. அந்த வாத்தியாரு கட்டாயம் வரட்டும்னாரு.”

ஏறுகிறேன். ஜன்னலோரம் வெள்ளைத்துரை. பக்கத்து இடத்தில் துண்டு போட்டு வைத்திருக்கிறார். யாருக்கென்று கேட்க வேண்டியதில்லை. துவைத்த துண்டு வேறு.

உட்கார்ந்தால் அவர் பிடித்துக் கொடுத்த இடம். நின்றால் அலங்காநல்லூர் வரைக்கும் அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். இதற்கு மேல் என்னால் ஆகாது, நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். உட்கார வைத்தாலும் சரி, நிற்க வைத்தாலும் சரி.

ஒன்றே ஒன்று. அவர் எழுந்து ஜன்னலோர இடத்தையும் எனக்குக் கொடுப்பதாக மட்டும் எழுதிவிடாதீர்கள். எழுதினால் கொடுத்துவிடுவார்.